ஆசிரியைகளை உருவாக்கிய சகோதரி சுப்புலட்சுமி



விழா மலரைக் கையில் வாங்கியதும் முதலில் எதைத் தேடுகிறோம்? நம் பிள்ளையின் படம் வந்திருக்கிறதா என்றுதான். தேடிப் பார்த்து மனம் குளிர்ந்த பிறகு, ஆசிரியர்கள் வரிசையாக நிற்கும் அந்தப் படத்தையும் ஒரு நிமிடம் பாருங்கள். சேலை கட்டியவர், பாஜு கூரோங் அணிந்தவர் எத்தனை பேர், ஆண்கள் எத்தனை பேர் என்று விரல் விட்டு எண்ணுங்கள். இன்று நம் நாட்டுப் பள்ளிகளில் ஆசிரியர்களில் பெரும்பாலோர் பெண்களே. தொடக்கப் பள்ளியில் மட்டுமல்ல, இடைநிலைப் பள்ளியிலும் அப்படித்தான். இதில் என்ன அதிசயம் என்று மாணவிகள் கேட்கலாம். அவர்கள் பிறந்தது முதல் பார்த்தது அதுதானே.

நான் தோட்டப் பள்ளியில் படித்தபோது எங்களுக்கு இருந்தவர் ஒரே வாத்தியார். ஆறு வகுப்புக்கும் அவர் ஒருவரே. என் அக்காள் என்னைவிடக் கெட்டிக்காரி. மனக்கணக்கில் வாத்தியாரையே முந்துவாள். ஆறாம் வகுப்பு முடிந்ததும் பட்டணத்து இடைநிலைப் பள்ளிக்குப் போகவேண்டிய வேளையில் வீட்டில் நிறுத்திவிட்டார்கள். பஸ் காசு ஒரு காரணம், தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாதது ஒரு காரணம். ஆனால் அப்பா வாய் திறந்து சொன்னது வேறு. வயசுக்கு வந்த பிள்ளையை ஆம்பிளைகள் சொல்லிக்கொடுக்கிற பள்ளிக்கூடத்துக்கு அனுப்புவதா என்றார். அப்பாவை நான் குறை சொல்லவில்லை. அந்தக் காலத்தில் அநேகம் தகப்பன்மார் நினைத்ததைத்தான் அவரும் நினைத்தார். மறுவருடம் அக்காள் அம்மாவோடு பெரட்டுக்குப் போய் நின்றாள்.

அப்பா சொன்ன அந்த ஒரே வார்த்தையை, நமக்கு மிகவும் முன்னாலேயே சென்னையில் ஓர் அம்மையார் ஆயிரம் வீடுகளில் கேட்டிருக்கிறார். கேட்டுவிட்டுச் சும்மா இருக்கவில்லை. அவருடைய கதையைத்தான் இங்கே சொல்லப்போகிறேன்.

சுப்புலட்சுமி அம்மையார் 1886ஆம் ஆண்டு ஆகஸ்டு 18ஆம் நாள் சென்னை மயிலாப்பூரில் பிறந்தார். தகப்பனார் சுப்பிரமணிய ஐயர், தாயார் விசாலாட்சி. குடும்பத்தின் பூர்வீகம் தஞ்சாவூர் மாவட்டத்து ரிஷியூர். நம்மில் பலருடைய பாட்டன் பாட்டிமார் மூட்டை முடிச்சோடு கப்பலேறிய அதே தஞ்சைச் சீமைதான். இவர்கள் பிராமணக் குடும்பம், தகப்பனார் படித்தவர், அரசாங்க உத்தியோகஸ்தர். மூத்த மகளுக்குப் படிப்பில் இருந்த சுறுசுறுப்பைக் கண்டு அவர் பூரித்துப் போனார். ஒன்பது வயதில் நான்காம் வகுப்புப் பொதுத் தேர்வில் செங்கற்பட்டு மாவட்டத்திலேயே முதலாவதாக வந்த பிள்ளை அது.

அவ்வளவு படித்த வீடுதான். இருந்தாலும் ஊர் வழக்கத்தை மீற அவர்களுக்கும் துணிவு வரவில்லை. பதினொரு வயதில் மகளுக்குக் கல்யாணம் செய்து வைத்தார்கள். கொஞ்ச நாளிலேயே மாப்பிள்ளை இறந்துபோனார். கணவன் என்றால் என்னவென்றே தெரியாத குழந்தை விதவை ஆகிவிட்டது.

மாணவச் செல்வங்களே, அந்தக் காலத்தில், அந்தச் சாதியில் இது எவ்வளவு பெரிய கொடுமை என்பதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். பூ வைக்கக்கூடாது, பொட்டு வைக்கக்கூடாது, வளையல் கூடாது. தலைமுடியை மழித்துவிடுவார்கள். நல்ல காரியம் நடக்கும் இடத்தில் தலை காட்டக்கூடாது. எதிரே வந்தால் சகுனத்தடை என்று முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். சாகும்வரை சமையல்கட்டும் கொல்லைப்புறமும்தான். பத்து வயதுப் பிள்ளைக்கு இந்தத் தண்டனை! அது செய்த குற்றம்தான் என்ன?

சுப்புலட்சுமியின் பெற்றோர் அந்த இடத்தில்தான் விழித்துக்கொண்டார்கள். மகளின் தலைமுடியை எடுக்க விடவில்லை. மூலையில் உட்கார வைக்கவும் இல்லை. தகப்பனார் வீட்டிலேயே பாடம் சொல்லிக்கொடுத்தார். பிறகு கன்னியாஸ்திரிகள் நடத்திய கான்வென்ட் பள்ளியில் சேர்த்தார். வீட்டில் இவருக்குப் பெருந்துணையாக இருந்தவர் சித்தி வாலாம்பாள். அவரும் விதவைதான். உறவினரும் அக்கம்பக்கத்தாரும் பேசாத பேச்சில்லை. பேசிக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டார்கள்.

கான்வென்டில் அந்தக் கன்னியாஸ்திரிகளைப் பார்த்தது சுப்புலட்சுமியின் மனத்தில் ஆழமாகப் பதிந்தது. கல்யாணம் இல்லை, பிள்ளை குட்டி இல்லை. ஆனாலும் ஊரார் அவர்களை மரியாதையோடு பார்த்தார்கள். காரணம், கையில் ஒரு வேலை இருந்தது, அந்த வேலையால் நூறு பிள்ளைகளுக்குப் பயன் இருந்தது. அவர்கள் சமயத்துக்கு இவர் மாறவில்லை. அவர்களுடைய தொண்டை மட்டும் எடுத்துக்கொண்டார். பிற்காலத்தில் ஊரே இவரைச் சகோதரி என்று அழைத்தது.

கல்லூரிப் படிப்பு அதைவிடக் கடினம். சென்னையில் பெண்களுக்கென்று அரசாங்கக் கல்லூரி 1914இல்தான் தொடங்கியது, அதுவே பின்னாளில் குயின் மேரீஸ் கல்லூரி என்று பெயர் பெற்றது. அதற்கு முன்னால் பட்டம் வேண்டுமென்றால் ஆண்கள் நிறைந்த மாநிலக் கல்லூரியில் போய்த்தான் உட்காரவேண்டும். வெள்ளைச் சேலை கட்டிய ஒரு விதவைப் பெண் அங்கே போய் உட்கார்ந்தார். 1911ஆம் ஆண்டு முதல் வகுப்பில் பி.ஏ. தேறினார். சென்னை மாகாணத்தில் பட்டம் பெற்ற முதல் இந்து விதவை இவரே. நம் முன்னோர் இங்கே காட்டை அழித்து ரப்பர் கன்று நட்டுக்கொண்டிருந்த காலம் அது.

பட்டம் வாங்கியாயிற்று, நல்ல சம்பளத்தில் ஒரு வேலையைப் பார்த்துக்கொண்டு நிம்மதியாக இருந்திருக்கலாம். யாரும் குற்றம் சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் அவர் கண்ணுக்கு ஒரு முடிச்சு தெரிந்தது. அதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன், ஏனென்றால் அவருடைய வாழ்நாள் வேலை முழுவதும் அந்த முடிச்சை அவிழ்ப்பதுதான்.

பெண் பிள்ளைகளைச் சின்ன வகுப்பு வரைக்கும் பெற்றோர்கள் எப்படியோ அனுப்பிவிடுவார்கள். பன்னிரண்டு, பதின்மூன்று வயது ஆனதும் நிறுத்திவிடுவார்கள். உயர்நிலைப் பள்ளியில் பாடம் சொல்பவர் ஆண் என்றால் அனுப்பமாட்டார்கள். பெண் ஆசிரியை இருந்தால் சிலராவது அனுப்புவார்கள். சரி, பெண் ஆசிரியைக்கு எங்கே போவது? உயர்நிலைப் பள்ளியில் சொல்லிக்கொடுக்க வேண்டுமென்றால் பள்ளி இறுதி வகுப்பு முடித்து, இண்டர்மீடியட் இரண்டு வருடம், பி.ஏ. இரண்டு வருடம், அதற்குமேல் எல்.டி. என்னும் ஆசிரியப் பயிற்சி ஒரு வருடம் படித்திருக்க வேண்டும். பன்னிரண்டு வயதில் படிப்பை நிறுத்திய பிள்ளை இதெல்லாம் எப்படிப் படிக்கும்? ஆகவே ஆசிரியை இல்லாததால் பெண் பிள்ளைகள் படிக்கவில்லை. பெண் பிள்ளைகள் படிக்காததால் ஆசிரியை இல்லை. செக்குமாடு மாதிரி சுற்றிச் சுற்றி அதே இடம்தான்.

அப்போது சென்னைப் பெண்கள் பள்ளிகளில் இருந்த ஆசிரியைகள் பெரும்பாலும் வெள்ளைக்காரப் பெண்மணிகள், ஆங்கிலோ இந்தியர்கள், கிறிஸ்தவப் பெண்கள். அவர்கள் செய்த தொண்டை நாம் மறக்கக்கூடாது. ஆனால் கட்டுப்பெட்டியான இந்துக் குடும்பங்கள் தங்கள் வீட்டுப் பெண்ணைப் போன்ற ஒருத்தி சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தன. இந்து வீட்டுப் பெண்ணோ கல்யாணமாகிக் குடும்பத்தில் இருப்பாள். மாமனார் மாமியார் அவளைப் பயிற்சிக்கும் வேலைக்கும் விடுவார்களா? அதுதான் இல்லை.

அப்படியானால் குடும்பத்தால் கட்டப்படாத பெண் யார்? யாருக்கும் வேண்டாதவள் என்று மூலையில் தள்ளப்பட்ட பெண் யார்? இளம் விதவைதான். சமுதாயம் குப்பை என்று ஒதுக்கியதை எடுத்து, அந்தச் சமுதாயத்துக்கே ஆசிரியையாகத் திருப்பிக் கொடுப்பது என்று சுப்புலட்சுமி முடிவு செய்தார். பம்பாய்ப் பக்கம் பண்டித ரமாபாயும் பூனாவில் கார்வேயும் விதவைகளுக்கு இல்லம் அமைத்து வழி காட்டியிருந்தார்கள். சென்னையில் பெண் கல்வியைக் கண்காணித்த கிறிஸ்டினா லிஞ்ச் என்னும் அதிகாரிக்கும் இதே கவலை இருந்தது. இருவரும் கைகோத்துக்கொண்டார்கள்.

எழும்பூரில் தகப்பனார் வீட்டிலேயே வேலை ஆரம்பமானது. முதலில் வந்தவர்கள் நான்கே பேர். நான்கு இளம் விதவைகள்! சித்தி வாலாம்பாள் அவர்களுக்குத் தாயாகவும் சமையற்காரியாகவும் காவலாகவும் இருந்தார். 1912இல் சாரதா மகளிர் சங்கம் தொடங்கப்பட்டது. பிறகு அரசாங்கம் இல்லத்துக்கு உதவ முன்வந்தது. பெண்கள் கூடக்கூட வீடு போதவில்லை.

வேறு வீடு பார்ப்பதும் லேசான காரியமாக இல்லை. விதவைகள் கூட்டமாகத் தங்குவதற்கு யார் வீடு கொடுப்பார்கள்? கடைசியில் கிடைத்தது திருவல்லிக்கேணிக் கடற்கரையில் நின்ற ஐஸ் ஹவுஸ். வட்டமான, விசித்திரமான கட்டடம். அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேமித்து வைக்க 1842இல் கட்டியது. பனிக்கட்டி வியாபாரம் படுத்த பிறகு கை மாறியது. 1897இல் சுவாமி விவேகானந்தர் சென்னைக்கு வந்தபோது அங்கேதான் தங்கினார். 1917இல் அரசாங்கம் அதை வாங்கியது, இல்லத்துப் பெண்கள் அங்கே குடியேறினார்கள்.

அந்தப் பெண்களை ஒரு கணம் நினைத்துப் பாருங்கள். மூலையில் ஒடுங்கிக் கிடந்த பிள்ளைகள். எதிரே கடல், வாசலிலே காற்று. வயது பத்து இருக்கும், பதினைந்து இருக்கும், சிலருக்கு அரிச்சுவடி கூடத் தெரியாது. அந்த வயதில் முதல் வகுப்புப் பாடத்திலிருந்து தொடங்கினார்கள். விடியற்காலை எழுந்து வீட்டு வேலையைப் பங்கிட்டுச் செய்து, பள்ளிக்குப் போய், திரும்பி வந்து படித்தார்கள். எல்லோராலும் பட்டம் வரை போக முடியவில்லை. சிலர் தொடக்கப் பள்ளிப் பயிற்சியோடு நின்று வேலைக்குப் போனார்கள். சிலர் மட்டும் அதே கடற்கரைச் சாலையில் இருந்த குயின் மேரீஸ் கல்லூரிக்குப் போய்ப் பட்டமும் பெற்றார்கள். விதை போட்டுப் பத்துப் பன்னிரண்டு வருடம் காத்திருக்க வேண்டிய விவசாயம் இது. பால்மரம் கூட ஆறேழு வருடத்தில் பால் கொடுத்துவிடும்!

இங்கே ஒன்றை ஒளிக்காமல் சொல்லவேண்டும். அந்த இல்லம் பிராமண விதவைகளுக்கு மட்டும்தான். மற்ற சாதிப் பெண்களைச் சேர்த்தால் பெற்றோர் தங்கள் பிள்ளைகளை அனுப்பமாட்டார்கள் என்று காரணம் சொல்லப்பட்டது. அன்றைய ஊர் நிலைமையில் அது உண்மையாகவும் இருந்திருக்கலாம். இருந்தாலும் இதை வாசிக்கிற நம்மில் பலருடைய பாட்டிமாருக்கு அந்த வீட்டுக் கதவு திறந்திருக்காது. அதை நினைக்கும்போது மனம் வலிக்கத்தான் செய்கிறது. அம்மையாருடைய வயதையே ஒத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, இப்படிச் சாதி பார்த்த விடுதிகள் ஏற்காத பெண்களுக்காகவே 1930களின் தொடக்கத்தில் தம் வீட்டில் அவ்வை இல்லம் தொடங்க வேண்டியிருந்தது. சுப்புலட்சுமி அம்மையாரைப் பெரியவர் என்று சொல்வதற்காக இந்தக் குறையை மறைத்துச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. ஐஸ் ஹவுஸுக்குப் பக்கத்துக் கடற்கரைக் குப்பத்தில் மீனவர் பிள்ளைகளுக்கென்று ஒரு பள்ளி நடத்தியவரும் அவர்தான் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

1922ஆம் ஆண்டு வந்தது. இல்லம் ஒன்றால் மட்டும் மாகாணம் முழுவதற்கும் ஆசிரியைகளைக் கொடுக்க முடியாது. அரசாங்கம் பெண்களுக்கென்று ஓர் ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியைத் திறந்தது. கவர்னரின் மனைவி பெயரால் லேடி வெல்லிங்டன் பயிற்சிக் கல்லூரி என்று பெயரிட்டார்கள். முதல் தலைவர் சுப்புலட்சுமி அம்மையார். இங்கே சாதி வரம்பு இல்லை. பயிற்சி மூன்று படிகளாக இருந்தது. பட்டதாரிப் பெண்களை உயர்நிலைப் பள்ளிக்குத் தயார் செய்வது ஒன்று, எட்டாம் வகுப்பு வரை சொல்லிக்கொடுக்கத் தயார் செய்வது ஒன்று, தொடக்கப் பள்ளிக்கு ஒன்று. ஆங்கிலமும் கைத்தொழிலும் எல்லோருக்கும் கட்டாயம். கல்லூரியை ஒட்டியே ஒரு பள்ளியும் இருந்தது. பயிற்சி பெறுகிறவர்கள் புத்தகத்தை மட்டும் படித்துவிட்டுப் போகாமல், அங்கே பிள்ளைகள் முன்னால் நின்று பாடம் நடத்திப் பழகவேண்டும்.

மூன்று படிகள் வைத்ததில்தான் அவருடைய கெட்டிக்காரத்தனம் இருக்கிறது என்பது என் எண்ணம். உயர்நிலைப் பள்ளிக்கு மட்டும் ஆசிரியைகளைத் தயார் செய்திருந்தால், அவர்கள் முன்னால் உட்கார மாணவிகள் இருந்திருக்கமாட்டார்கள். தொடக்கப் பள்ளிக்கு மட்டும் தயார் செய்திருந்தால், பிள்ளைகள் பழையபடி பன்னிரண்டு வயதில் வீட்டுக்குத் திரும்பியிருப்பார்கள். அடி முதல் நுனி வரை ஒரே சமயத்தில் பெண்கள் வேண்டும். ஏணியில் ஒரு படி இல்லையென்றாலும் ஏறமுடியாது, இல்லையா? என் அக்காளுக்கு இல்லாமல் போனதும் அந்த ஒரு படிதான்.

சாரதா வித்தியாலயமும் தொடங்கப்பட்டது. பின்னர் இராமகிருஷ்ண மிஷன் அதை ஏற்றுக்கொண்டது. இன்றும் தியாகராய நகரில் பெண் பிள்ளைகள் அங்கே படிக்கிறார்கள்.

அரசாங்க உத்தியோகத்தில் இருந்ததால் அம்மையாரால் மேடை ஏறி முழங்க முடியாது. இந்திய மாதர் சங்கத்தில் முறைப்படி உறுப்பினராகவும் முடியவில்லை. ஆனால் கூட்டங்களுக்குப் போவார், வேலைகளைச் செய்வார். குழந்தைத் திருமணத்தைத் தடுப்பது பற்றி விசாரித்த ஜோஷி கமிட்டியின் முன்னால் போய்ச் சாட்சியும் சொன்னார். சொல்வதற்கு அவரைவிடத் தகுதியானவர் யார்? 1929இல் சட்டம் நிறைவேறியது. பெண்ணுக்குப் பதினான்கு, ஆணுக்குப் பதினெட்டு வயது ஆகாமல் கல்யாணம் கூடாது என்றது. இன்றைக்குப் பார்த்தால் பதினான்கு என்பதே நமக்குத் தூக்கிவாரிப் போடுகிறது. பதினொரு வயதில் தாலி ஏறிய ஒரு பெண்ணுக்கு அந்த மூன்று வருடம் எவ்வளவு பெரியது என்று யோசித்துப் பாருங்கள்.

வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் வீட்டில் உட்கார அவருக்குத் தெரியவில்லை. 1942இல் மயிலாப்பூரில் வயது வந்த பெண்களுக்கு ஸ்ரீ வித்யா கலாநிலயம் என்ற பள்ளியைத் தொடங்கினார். சின்ன வயதில் படிப்பை விட்டுவிட்டுப் பிறகு ஏங்குகிறவர்களுக்கு அது. (அப்படி ஒரு பள்ளி நம் தோட்டத்துப் பக்கம் இருந்திருந்தால் என்று நான் நினைத்ததுண்டு.) 1952 முதல் 1956 வரை சென்னைச் சட்ட மேலவையில் உறுப்பினராக இருந்தார். 1954இல் தாம்பரத்துக்குப் பக்கத்தில் மாடம்பாக்கம் கிராமத்தில் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் சேவை நிலையம் அமைத்தார். மயிலாப்பூர் மாதர் சங்கத்தின் தலைவியாக இருந்து 1956இல் வித்யா மந்திர் பள்ளி தோன்றக் காரணமானார். அப்போது அவருக்கு வயது எழுபது.

பட்டம் பதவிகளும் வந்தன. 1920இல் ஆங்கில அரசாங்கம் கெய்சர்-இ-ஹிந்த் தங்கப் பதக்கம் கொடுத்தது. 1958இல் சுதந்திர இந்தியா பத்மஸ்ரீ கொடுத்தது. அவருக்கு உகந்த மரியாதை இவற்றைவிட வேறொன்று என்று எனக்குத் தோன்றுகிறது. அவரிடம் பயின்ற பெண்கள் பல ஊர்களுக்கு ஆசிரியைகளாகப் போனார்கள். எதிரே வந்தால் சகுனத்தடை என்று ஒருகாலத்தில் ஒதுக்கப்பட்டவர்கள் வகுப்புக்குள் நுழைந்தபோது, பிள்ளைகள் எழுந்து நின்று வணக்கம் சொன்னார்கள்.

1969ஆம் ஆண்டு டிசம்பர் 20ஆம் நாள், வைகுண்ட ஏகாதசியன்று, எண்பத்து மூன்றாம் வயதில் அம்மையார் காலமானார்.

பெற்றோர்களே, நம்மில் பலர் இப்போது விடுமுறைக்குச் சென்னை போகிறோம். தி. நகரில் சேலை எடுக்கிறோம், மெரினாவில் சுண்டல் சாப்பிடுகிறோம். அடுத்த முறை போகும்போது கடற்கரைச் சாலையில் அந்த வட்டமான கட்டடத்தைப் பாருங்கள். இப்போது அதற்கு விவேகானந்தர் இல்லம் என்று பெயர். அதற்கு அருகிலேயே லேடி வெல்லிங்டன் பெயரில் ஆசிரியப் பயிற்சி நிறுவனம் இன்றும் நடக்கிறது. கல்லூரி விடும் நேரமாகப் பார்த்துப் போனால், நாளைக்கு ஆசிரியைகள் ஆகப்போகிற பெண்கள் கையில் புத்தகத்தோடு பஸ்ஸுக்கு நிற்பதைக் காணலாம். பேத்தியை அழைத்துக்கொண்டு போனால் அவளுக்கும் காட்டுங்கள். நான் போன வருடம் என் அக்காளைக் கூட்டிக்கொண்டு போனேன். எழுபது வயதைத் தாண்டியவள், முழங்கால் வலிக்காரி. கதையை முழுக்கக் கேட்டுவிட்டு வாசலில் வெகுநேரம் நின்றாள். பிறகு, உள்ளே விடுவார்களா என்று என்னைக் கேட்டாள்.